விரலுக்குள் ஒரு தையல்கூடம்

மாஜிதா இடது கை ஆள்காட்டி விரலில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போன அன்று, தளவாய்புரம் தையல் யூனிட்டில் பாதி மெஷின்கள் நின்றுவிட்டன. நகச்சுத்திக்கு அதுதான் வைத்தியம் என்று ராஜபாளையத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏட்டி, நைட்டி தைக்க வந்தியா, ஊறுகா போட வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஜிதாவும் சிரித்தாள். பழம் மாட்டிய விரலோடு துணியைத் தள்ள முடியாததால், அன்று முழுவதும் வலது கையால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

பழம் வாடிச் சுருங்கியது. விரல் வாடவில்லை. நகத்துக்குக் கீழே, நடு மூட்டின் மேல் முதலில் ஒரு சிவந்த பரு. பிறகு அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம், அதற்கு வெளியே மறுபடி ஒரு சிவப்பு வளையம். தூங்காத ஒரு கண் விரலில் முளைத்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நாளாக ஆக அது நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு, மேலே நீர் கசிய ஆரம்பித்தது. வலி பெரிதாக இல்லை. கனம்தான் இருந்தது.

தையல்காரிக்கு அந்த விரல் எவ்வளவு முக்கியம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஊசிக்கு முன்னால் துணியின் ஓரத்தை உணர்ந்துகொண்டே போவது அதுதான். கண் பார்ப்பதற்கு முன்பே துணி விலகுவதை அந்த விரல் சொல்லிவிடும். மாஜிதாவின் தையல் நேராக இருக்கும் என்பதால்தான் கழுத்துப் பட்டி வேலையெல்லாம் அவளிடம் வந்தது. கணவன் நிஜாம் திருப்பூரில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். மாமனார் சேக் முகைதீன் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வீடு பெரும்பாலும் அவள் கையை நம்பித்தான் நடந்தது.

ராஜபாளையத்தில் ஓர் அறுவை மருத்துவர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். குறையவில்லை என்றதும் கட்டியின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த முதல் தகவல் நன்றாக இல்லை. தோலின் செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்து கீழே இறங்கியிருக்கின்றன, புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார்கள். மருத்துவர் நிதானமானவர். பயமுறுத்தாமல்தான் சொன்னார். உறுதியான முடிவு வந்ததும் விரலை அடியோடு எடுத்துவிடுவது கைக்குப் பாதுகாப்பு, தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்றார். அடுத்த வாரத்தில் ஒரு நாளும் குறித்தார்.

ஓயாமல் பேசும் சேக் முகைதீன் அன்று ஆட்டோவில் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. வாசலில் இறங்கியபோது மட்டும், "பெருநாள் முடிஞ்சு இம்புட்டு சீக்கிரம் இப்படி ஒரு சோதனையா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெருநாள் அவருக்குச் சாதாரணப் பெருநாள் அல்ல. இத்தனை வருடமும் பக்ரீத்துக்கு அந்தக் குடும்பம் பலர் பணம் போட்டுப் பலி கொடுக்கும் கூட்டுக் குர்பானியில் ஒரு பங்குதான் சேர்ந்திருந்தது. இந்த வருடம்தான் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு முழுக் கிடா வாங்கினார். பழுப்பு நிறம், காதில் வெள்ளைப் புள்ளி. குர்பானி கொடுக்கும் பிராணிக்குக் கண்ணில், காலில், காதில் எந்தக் குறையும் இருக்கக்கூடாது, நோய் உள்ளதாகவும் இருக்கக்கூடாது. அதனால் கிடாவைத் தெருவில் நடத்திக் கூட்டிவந்தபோது வீட்டுக்கு வீடு நின்று, ஒரு கீறல் கூட இல்லை, வேண்டுமானால் நீங்களே தடவிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிலர் தடவியும் பார்த்தார்கள்.

கிடா வந்த சில நாளில், அகத்திக்கீரை போடப் போன மாஜிதா அதன் உதட்டோரத்தில் பொருக்குகளைப் பார்த்தாள். முதலில் மண் என்று நினைத்தாள். துடைத்தால் போகவில்லை. கிடா கீரையை ஆசையோடு கவ்வி, வலி தாங்காமல் கீழே போட்டது. உள்ளே மாமா யாரிடமோ போனில் கிடாவின் கொம்பழகைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் விடியற்காலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும் மாஜிதா கொல்லைக்குப் போவாள். இடது கையால் கிடாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவுவாள். கிடா திமிறும். அவள் விரல் வாயோரத்தில் மாட்டும். முந்தின வாரம் மெஷின் ஊசி ஏறிய காயம் அந்த விரலில் இன்னும் மூடாமல் இருந்தது. அதை அவள் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பெருநாளுக்கு முன்பே பொருக்கெல்லாம் உதிர்ந்து கிடாவின் வாய் சுத்தமாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்து முடித்த நிம்மதி அவளுக்கு.

விரல் வீங்கியபோது, அதையும் கிடாவையும் சேர்த்து நினைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அறுவைக்குக் குறித்த நாளுக்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. பரிசோதனைக் கூடத்தின் மருத்துவர் ஷெரின், நோயாளியை நேரில் பார்க்க வேண்டும் என்றாராம். மாஜிதாவும் மாமாவும் பஸ் ஏறினார்கள். மேற்கு மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. சன்னலோரம் சாரல் காற்று அடித்தது. துணி சுற்றிய விரலை மடியில் வைத்து, தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது இல்லாத கை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு உடனே விரித்தாள்.

மடவார் வளாகம் போகும் வழியில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கூடம். ஷெரின் மாஜிதாவைவிட இளையவளாகத் தெரிந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, பெருநாளுக்கு வீட்டில் ஆடு இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றாள் மாஜிதா.

"அதோட வாயில புண்ணு எதுவும் இருந்துச்சா அக்கா? வாய்ப்பக்கம் நீங்க கை வச்சீங்களா?"

மாஜிதா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கொல்லை, மஞ்சள், திமிறிய தாடை, ஊசி ஏறிய விரல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பக்கத்தில் பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். அவளுடைய கைப்பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார்.

"இல்ல டாக்டர். தழை போட்டதோட சரி. கிடாவுக்கு ஒரு குறையும் இல்ல."

ஷெரின் மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, "ஆமாம்மா, குறை இல்லாத கிடா" என்றார். குரலில் பழைய முழக்கம் இல்லை.

ஷெரின் கையுறையைக் கழற்றினாள். பிறகு எழுந்து மைக்ராஸ்கோப்புக்கு அருகில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வந்து பாருங்கள் என்றாள்.

முதலில் மாஜிதாவுக்குத் தன் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்ததும் இளஞ்சிவப்பு வெளி ஒன்று விரிந்தது. அதில் வரிசை வரிசையாக நீலப் பொட்டுகள்.

"துணி டிசைன் மாதிரி இருக்கு" என்றாள்.

ஷெரின் சிரித்தாள். அது மாஜிதாவின் விரல்தான் என்றாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், ஒவ்வொன்றையும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம், நீலப் பொட்டு அந்த வீட்டுக்காரி இருக்கும் அறை. கண்ணாடித் தகட்டை மெல்ல நகர்த்தி, ஓரமாக ஊதிப் பெருத்திருந்த சில வீடுகளைக் காட்டினாள். அவற்றில் நீல அறைக்கு வெளியே, கூடத்தில், அடர்ந்த சிவப்பில் சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தன. வெட்டியனுப்பிய துண்டின் முதல் சீவலில் இவை கண்ணில் படவில்லை. மனசுக்கு ஒப்பாமல் இன்னும் ஆழத்தில் சீவிப் பார்த்தபோதுதான் தெரிந்தன என்றாள்.

"எங்க படிப்புல இதுக்கு இன்க்ளூஷன் பாடின்னு பேரு. வைரஸ் ஒண்ணு செல்லுக்குள்ள புகுந்து, தன்னை மாதிரியே ஆயிரக்கணக்குல செஞ்சு குவிக்கிற இடம். வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. அது வேலை செய்யுற இடம் தெரியும்."

மாஜிதா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தளவாய்புரத்தில் தெருவுக்குத் தெரு அவள் பார்க்கும் காட்சிதான் அது. ஒருவர் வீட்டு முன்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, மெஷின் போட்டு, வீட்டுக்காரருடைய கரண்டிலேயே ஓட்டி, ஒரே அளவில் ஒரே வெட்டில் உருப்படிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். வீட்டுக்காரர்கள் சொந்த வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் ஒதுங்கி நிற்பார்கள்.

"அப்ப என் விரலுக்குள்ள எவனோ யூனிட் போட்டுட்டான்" என்றாள்.

"அதேதான் அக்கா. வாடகையும் குடுக்கல."

ஒவ்வொரு வைரஸும் ஒவ்வொரு விதமாக இடம் பிடிக்கும் என்று ஷெரின் விளக்கினாள். சிலது நீல அறைக்குள்ளேயே போய் உட்காரும், சிலது வெளியே கூடத்தில் தங்கும். வெறிநாய்க்கடியில் மூளை செல்லில் இப்படி ஓர் உருண்டை தெரியும், ஆனால் அது தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதே போன்ற அடையாளம்தான் இங்கேயும், விளைவு மட்டும் நேர் எதிர். ஆட்டின் வாய்ப்புண்ணிலிருந்து காயம் வழியாக மனிதர் கைக்கு வருகிற ஒன்று இப்படித்தான் இருக்கும். அதற்கு ஆர்ஃப் என்று பெயர். அதுவாக இருந்தால் உடம்பே அதைக் காலி பண்ணிவிடும், சில வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் அந்தச் சமயத்தில் தோல் தடித்து வளர்வது புற்றுநோய் போலவே தெரியும். அதில் ஏமாந்து விரலை எடுத்தவர்கள் உண்டு.

"இந்த உருண்டைகள் ரெண்டு மூணு செல்லுலதான் இருக்கு. இதை மட்டும் வச்சு, விரலை வெட்டாதீங்கன்னு சொல்ல எனக்கு தைரியம் பத்தல. ஆட்டோட புண்ணைத் தொட்டாங்கன்னு ஒரு வார்த்தை இருந்தா தைரியமா சொல்லுவேன். நீங்க தொடவே இல்லைன்னு சொல்றீங்க. அப்ப நான் பார்த்ததையே நான் சந்தேகப்படணும்."

மாஜிதா கண்ணை எடுத்தாள். மாமாவை டீ வாங்கிவரச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் படியிறங்கியதும் டாக்டரிடம் சொல்லிவிடலாம். விரலும் பிழைக்கும், அவருடைய கிடாவும் குறை இல்லாத கிடாவாகவே இருக்கும். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, அவளுக்குப் பதிலா என் விரல எடுத்து வைக்க முடியும்னா சொல்லுங்க. எனக்கு இனி விரல வச்சு என்ன வேலை?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டுதான் கேட்டார். அந்தக் கையைப் பார்த்த பிறகு மாஜிதாவால் அவரை வெளியே அனுப்ப முடியவில்லை.

"வாயில புண்ணு இருந்துச்சு டாக்டர்" என்றாள். "மாமாவுக்குத் தெரியாம நாந்தான் தினமும் மஞ்சள் போட்டேன். இந்தக் கையாலதான் தாடையைப் பிடிச்சுக்குவேன். இந்த விரல்ல அப்ப ஊசி ஏறின காயம் இருந்துச்சு."

ஷெரின் நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டாள். சேக் முகைதீன் நீட்டிய கையை மெல்ல இறக்கினார். கைப்பையைப் பெஞ்சின் மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஷெரின் அறுவை மருத்துவரிடம் போனில் நெடுநேரம் பேசினாள். மறுபக்கத்துக் குரல் முதலில் தயங்கியது. ஷெரின் குரலை உயர்த்தாமல் அந்த உருண்டைகளைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் மறுபடி மறுபடி சொன்னாள். கடைசியில் அறுவையைத் தள்ளிவைப்பது, வாரம் ஒரு முறை விரலைப் பார்ப்பது, சுருங்காவிட்டால் மறுபடி துண்டெடுப்பது என்று முடிவானது. மாஜிதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விரலை மூடியே வைக்க வேண்டும், ஆட்டுப்பக்கம் போகக்கூடாது, கிள்ளவும் எலுமிச்சம்பழம் குத்தவும் கூடாது. பாதி வார்த்தைகள் அவள் காதில் ஏறவில்லை. மனம் முழுவதும் படிக்குக் கீழே இருந்தது.

மாமா எதிர்ப்புற டீக்கடையில்தான் இருந்தார். முன்னால் இரண்டு கிளாஸ். ஒன்றை ஆறாமல் இருக்கத் தட்டால் மூடி வைத்திருந்தார். அவள் வந்து நின்றதும் தட்டை எடுத்துக் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"கிடா வாயி மஞ்சளா இருந்துச்சுல்லா. எனக்கென்ன கண்ணு தெரியாதா? மஞ்சக் கெழங்கத் தின்னுருக்கும்னு நெனச்சேன்னா நெனச்ச?"

மாஜிதா கிளாஸைப் பிடித்தபடி நின்றாள்.

"பாத்துட்டுத்தான் இருந்தேன். கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா நான் கிடாய மாத்தணும். ஊரெல்லாம் தடவிப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்த? அதான் கேக்கல. உன் விரலு வீங்கினப்பவும் ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா மொத நாளே சொல்லிருப்பேன்."

டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் குடித்து முடித்தார்கள். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் அவர் அவளுடைய இடப்பக்கமாக வந்து, கூட்டம் அந்தக் கையில் இடிக்காதபடி நடந்தார்.

அன்று மாலைத் தொழுகை முடிந்ததும் அவர் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தார். பெருநாள் அன்று கிடாவின் வாய் ஆறியிருந்ததா என்று ஹஜ்ரத் கேட்டாராம். ஆறிச் சுத்தமாக இருந்தது என்றாராம் இவர். அப்படியானால் நோயுள்ள கிடாவை அறுத்ததாகாது, மனம் கலங்க வேண்டாம் என்று சொன்னவர், போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அடுத்த வருசம் கிடா வாயத் தொறந்து பாத்து வாங்குங்க பாய். அப்படியே வீட்டுல உள்ளவங்களும் வாயத் தொறந்து பேசுறாங்களான்னு பாத்துக்கோங்க."

இதைச் சொல்லும்போது சேக் முகைதீனின் குரல் பழையபடி முழங்கியது. அடுத்த நாளே அவர் ஆடு வளர்ப்பவர்கள், கறிக்கடைக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் கிளம்பிவிட்டார். வாயில் பொருக்கு இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கையில் காயம் இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், டாக்டரிடம் போனால் ஆட்டை மறைக்காதீர்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னார். நோயின் பெயரையும் விடவில்லை. ஆர்ஃப், ஆர்ஃப் என்று அவர் அழுத்திச் சொல்வது குரைப்பு போலவே இருந்ததால், நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் அவர் போன பக்கமெல்லாம் சிறுபிள்ளைகள் அவருக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் திரும்பி நின்று, "குரைங்கலே, அப்பதான் பேரு மறக்காது" என்றாராம்.

மாஜிதாவுக்கு அந்த வாரங்கள் அவ்வளவு வேகமாகப் போகவில்லை. டாக்டர் தைரியமாகச் சொன்னாலும், காலையில் கட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு தடவையும் முதலில் சன்னல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் விரலைப் பார்த்தாள். முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. அறுவை மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். திருப்பூரிலிருந்து நிஜாம் தினமும் போனில் கேட்டான். அப்படியேதான் இருக்கு என்று சொல்லும்போது அவள் குரல் தேய்ந்தது. சில மதியங்களில் கண்ணை மூடிக்கொண்டு அந்த இளஞ்சிவப்பு வெளியை நினைத்துப் பார்ப்பாள். அங்கே ஒரு சந்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். யார் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரு மெஷின் நிற்கும். பிறகு இன்னொன்று.

அடுத்த வாரம் கசிவு நின்றது. கண் போல இருந்த வட்டம் மங்கி, மேலே கருமையாக ஒரு பொருக்கு கட்டியது. கட்டி தட்டையாகிக்கொண்டு வந்தது. படம் எடுத்து ஷெரினுக்கு அனுப்பினாள். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

தளவாய்புரத்தில் அவள் மறுபடி பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மதியம் சாப்பிட்டு வந்து, வேர்வையில் நனைந்த கட்டை மாற்றலாம் என்று துணியைப் பிரித்தபோது, பொருக்கு துணியோடு சேர்ந்து வந்துவிட்டது. அடியில் புதிய தோல், எந்தப் பயமும் அறியாத இளஞ்சிவப்பில் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த அதே நிறம். மாஜிதா துணியை மடித்துக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, விரலை மாரீஸ்வரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். மாரீஸ்வரி மெஷினை நிறுத்தி நீண்ட நேரம் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாங்கூட எலுமிச்சம்பழம் கேக்கலன்னுல்லா நெனச்சேன். நல்லாத்தான் கேட்டுருக்கு" என்றாள்.

பழைய மெஷினில் யாரோ ஒரு நைட்டியின் கழுத்துப் பட்டியைப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். மாஜிதா உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தில் விரலை வைத்ததும் கூசியது. முதல் வரி கோணிக்கொண்டு போனது. நிறுத்தி, நூலைப் பிரித்து, மறுபடி வைத்தாள். புதிய தோலுக்குத் துணியின் ஓரத்தை இப்போதுதான் அறிமுகம் செய்ய வேண்டும் போல இருந்தது. மெல்ல மிதித்தாள். துணி சற்று விலகியது. கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அதைச் சொல்லிவிட்டது.